பழங்குடி அறிவும் லேப் சயின்ஸும்: ஜெயநகர் வீக்கெண்ட் கோர்ஸ் பத்தி என் ரிவ்யூ

முதல்லயே ரேட்டிங் சொல்லிடுறேன், அஞ்சுக்கு மூணரை. பாடம் எடுத்த ரெண்டு பேருக்கு மட்டும் தனியா போடச் சொன்னா நாலரை, ஏற்பாடு பண்ணவங்களுக்கு ரெண்டு. சராசரி மூணேகால் தானே வருதுன்னு கணக்கு கேக்குறவங்களுக்கு, மிச்ச கால் மார்க் மத்தியான சாப்பாட்டுக்கு.

விஷயம் என்னன்னா, பெங்களூரு ஜெயநகர் பக்கம் ஒரு பழைய வீட்டோட மாடி ஹால்ல, பழங்குடி மக்களோட அறிவையும் நாம காலேஜ்ல படிக்கிற சயின்ஸையும் ஆராய்ச்சியில எப்படி ஒண்ணா சேக்குறதுன்னு வீக்கெண்ட் கோர்ஸ் நடத்துறாங்க. பேரு இங்க போடல, சின்ன டீம், நான் திட்டப் போறதும் கொஞ்சம் இருக்கு, பேரைப் போட்டு அவங்க பொழப்புல மண்ணள்ளிப் போட வேணாம். ஃபீஸ் கம்மின்னு சொல்ல முடியாது, குடும்பத்தோட ஒரு நல்ல ஹோட்டல்ல ரெண்டு தடவை சாப்பிடுற காசு. கிளாஸ் பாதி இங்கிலீஷ், பாதி கன்னடம், ஆனா டீச்சர்ல ஒருத்தங்க கோயம்புத்தூர்க்காரங்க, டீ பிரேக்ல தமிழ்லயே சந்தேகம் கேட்டுக்கலாம்.

நான் வைட்ஃபீல்ட்ல ஒரு கம்பெனியில மருந்து சோதனை டேட்டா பாக்குற ஆளு. எதை எடுத்தாலும் கண்ட்ரோல் (ஒப்பிட்டுப் பாக்குற குரூப்) எங்க, எத்தனை பேரு, யாரு எண்ணினாங்கன்னு கேட்டே பழகிப்போச்சு. என் மச்சினன் பாளையங்கோட்டையில சித்தா படிச்சிட்டு இப்ப இங்க எங்க வீட்டுலதான் இருக்கான், அவனும் கூட வந்தான். ஆக எங்க ரெண்டு பேருக்குள்ளயே கோர்ஸோட ரெண்டு பக்கமும் இருந்துச்சு, பஸ்ல போகும்போது ஆரம்பிக்கிற சண்டை வீட்டுக்கு வந்து தோசை ஊத்துற வரைக்கும் ஓடும்.

ஆரம்ப கிளாஸ் தியரி. கனடா கிழக்குக் கடற்கரையில மிக்மாக்னு ஒரு பழங்குடி, அதுல ஆல்பர்ட் மார்ஷல்னு ஒரு பெரியவர் 2004ல ஒரு விஷயத்தை முன்வச்சாராம், ஒரு கண்ணால பழங்குடி அறிவோட பலத்தைப் பாரு, இன்னொரு கண்ணால மேற்கத்திய அறிவியலோட பலத்தைப் பாரு, ரெண்டு கண்ணையும் சேத்துத் திறந்து வை, எல்லாருக்கும் நல்லது ஆகுற மாதிரி பயன்படுத்துன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஸ்லைடுல வட்டம் வட்டமா போட்டு அம்புக்குறி விட்டுட்டே இருந்தாங்க, பின்னாடி வரிசையில ஒரு அண்ணன் குறட்டையே விட்டுட்டார். அப்புறம் திமிங்கலக் கதை வந்துச்சு, எல்லாரும் நிமிந்து உக்காந்தோம்.

அலாஸ்கா வடக்குல இனுபியாட் மக்கள் காலங்காலமா போஹெட் திமிங்கலம் பிடிச்சு சாப்பிடுறவங்க. 1977ல சர்வதேச திமிங்கல ஆணையம் அந்த வேட்டையை நிறுத்தச் சொல்லிடுச்சு, ஏன்னா விஞ்ஞானிங்க எண்ணிப் பாத்ததுல ஆயிரத்துச் சொச்சம்தான் மிச்சம்னு வந்துச்சு. எப்படி எண்ணினாங்கன்னா, பனிக்கட்டி விளிம்புல நின்னு, வெடிச்சுத் திறந்த தண்ணியில தலை தூக்குறதை எண்ணுனாங்க. வேட்டைக்காரங்க என்ன சொன்னாங்க, யோவ், அது பனிக்கு அடியிலயே போகும், மெல்லிசா இருக்குற இடத்துல தலையால முட்டி ஒடைச்சு மூச்சு வாங்கும், கரையிலருந்து ரொம்ப தள்ளியும் போகும், நீங்க நிக்கிற இடத்துலருந்து பாதி கூட தெரியாதுன்னு. இதை யாரும் சும்மா நம்பல, சும்மா தள்ளவும் இல்ல, அதுதான் எனக்குப் பிடிச்சது. 1980கள்ல தண்ணிக்கு அடியில மைக் போட்டு திமிங்கலம் பாடுறதைக் கேட்டு எண்ண ஆரம்பிச்சாங்க, கண்ணுக்குத் தெரியாம போறதும் கணக்குல வந்துச்சு, வேட்டைக்காரங்க சொன்னது சரின்னு ஆச்சு. 2001 கணக்குல பத்தாயிரத்தைத் தாண்டிடுச்சு. நான் கையைத் தூக்கி, மேடம் இதுல நடுவுல நெஜமாவே பெருகுனதும் இருக்கும்ல, எல்லாமே எண்ணுற முறை மாறினதால மட்டும் கூடுனது இல்லையேன்னு கேட்டேன். ஆமா, ரெண்டும் கலந்ததுதான், ஆனா முறையை மாத்தாம இருந்திருந்தா பெருகுனதும் சரியா தெரிஞ்சிருக்காதுன்னு நேரா பதில் சொன்னாங்க. மழுப்பாம பதில் சொல்ற டீச்சருக்கு ஃபீஸ்ல பாதி அப்பவே சரியாப் போச்சு.

எனக்கு இந்தக் கதையில இருந்துதான் கோர்ஸ் முழுக்க ஒரு அளவுகோல் கிடைச்சது. சேக்குறது சேக்குறதுன்னு சொல்றாங்களே, அங்க ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் இல்லைன்னு சொல்ல முடியுதா, சொன்னப்புறமும் ரெண்டு பேரும் அதே ரூம்ல உக்காந்திருக்காங்களா. வேட்டைக்காரங்க விஞ்ஞானி எண்ணிக்கை தப்புன்னு சொல்ல முடிஞ்சது, விஞ்ஞானி அதை மைக் வச்சு சோதிக்க முடிஞ்சது, முடிவும் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சது. மத்ததை எல்லாம் அதுக்கப்புறம் இதை வச்சுத்தான் பாத்தேன்.

செம்புப் பானை கிளாஸ்தான் கோர்ஸ்லயே பெஸ்ட், இதுக்காகவே போகலாம். செம்புல தண்ணி வச்சுக் குடிச்சா நல்லதுன்னு நம்ம வீட்டுல எல்லாம் சொல்றதுதான், கேட்டுக் கேட்டு காது புளிச்ச விஷயம். இதை நம்ம பெங்களூரு யெலஹங்கா பக்கம் இப்ப டீடியூன்னு யுனிவர்சிட்டியா இருக்குற இடத்து ஆளுங்களும் கூட சில பேரும் சேந்து ஒழுங்கா சோதிச்சு 2012ல கட்டுரை போட்டிருக்காங்க. காலரா கிருமி, ஷிகெல்லா, சால்மோனெல்லா, வயித்துப்போக்கு வர வைக்கிற ஈகோலை வகைங்க, இதெல்லாம் கலந்த தண்ணியை செம்புப் பானையில ரூம் டெம்பரேச்சர்ல 16 மணி நேரம் வச்சிட்டு வளத்துப் பாத்தா எதுவுமே வளரல. தண்ணியில கரைஞ்ச செம்பு 177 பிபிபி (நூறு கோடியில 177 பங்கு), உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்குற எல்லை 2000. சரி அதை ஸ்லைடுல காட்டிட்டு விட்டுருந்தா சாதா கிளாஸ். இவங்க என்ன பண்ணாங்க, சனிக்கிழமை சாயந்திரம் மாடித் தொட்டித் தண்ணியை எங்க முன்னாடியே ஒரு செம்புச் சொம்புலயும் ஒரு எவர்சில்வர் சொம்புலயும் ஊத்தி, மூடி போட்டு, மேல பேப்பர் ஒட்டி நேரம் எழுதி, எங்கள்ல ஒருத்தரை கையெழுத்துப் போட வச்சாங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஆளுக்கு ஒரு சின்ன பாட்டில், இந்த ஹெச்2எஸ் பாட்டில்னு சொல்வாங்களே, குடிதண்ணி செக் பண்ண பஞ்சாயத்துல எல்லாம் குடுப்பாங்க, உள்ள பழுப்பா மருந்து இருக்கும், தண்ணியில மலக்கிருமி வகை இருந்தா ஒரு ரெண்டு நாள்ல கருப்பா மாறிடும், அதுல ஊத்திக் குடுத்தாங்க. எது செம்பு எது சில்வர்னு எங்களுக்குச் சொல்லல, பாட்டில்ல நம்பர் மட்டும்தான். ரிசல்ட் குரூப்ல போட்டோவா வந்துச்சு, சில்வர் தண்ணி பாட்டில் எல்லாம் மை ஊத்துன மாதிரி கருப்பு, செம்புத் தண்ணியில ஒண்ணு தவிர மத்தது எல்லாம் பழுப்பாவே இருந்துச்சு.

அந்த ஒண்ணு எப்படி கருப்பாச்சுங்கிறதுல குரூப்ல ஒரு நாள் முழுக்க அடிதடி. மூடியில கை பட்டிருக்கும்னு ஒருத்தர், செம்பு பளபளன்னு தேய்க்காம பச்சை படிஞ்சிருந்துச்சுன்னு இன்னொருத்தர். டீச்சர் ரெண்டையும் ஏத்துக்கல, மறுக்கவும் இல்ல, அப்ப அதைத் தனியா சோதிங்கன்னு விட்டுட்டாங்க. அதோட நிக்காம, இது கிருமிக்கு மட்டும்தான், ஃப்ளோரைடு இருக்குற போர்வெல் தண்ணியை செம்புல ஊத்தினா ஃப்ளோரைடு போகாது, மோர், எலுமிச்சை, புளி எதையும் அதுல வைக்காதீங்க, செம்பு கரைஞ்சு வாந்தி வரும்னு தெளிவா சொன்னாங்க. என் மச்சினன் பஸ்ல ஏறினதும் ஆரம்பிச்சான், "பாத்தீங்களா அத்தான், நாங்க சொன்னா சிரிப்பீங்க, லேப்ல சொன்னா கை தட்டுவீங்க." சரிதான் மாப்ள, ஆனா 16 மணி நேரம்ங்கிற நம்பரும் 177ங்கிற நம்பரும் லேப்ல இருந்துதானே வந்துச்சுன்னேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான்.

அடுத்து பாம்பு விஷம், இதுவும் சூப்பர். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் பாம்பு பிடிக்கிறது நமக்குத் தெரியும். 1972 வனவிலங்குச் சட்டம் வந்தப்புறம் பாம்புத் தோல் வியாபாரம் படுத்துடுச்சு, அவங்க பொழப்பும் போச்சு, அப்புறம் பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கர் மாதிரி ஆளுங்க கூட சேந்து 1978ல மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சு விஷம் எடுக்க ஆரம்பிச்சாங்க. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலோட விஷம்தான் நம்ம நாட்டு பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருள், அதுல பெரும்பங்கு பல வருஷமா இங்கருந்துதான் போச்சு. பிடிச்ச பாம்பை சில வாரம் பானையில வச்சு, சில தடவை விஷம் எடுத்துட்டு, வயித்துச் செதில்ல ஒரு சின்ன அடையாளம் வெட்டி, திரும்ப காட்டுலயே விட்டுடுவாங்க, அடையாளம் இருந்தா அதை மறுபடி உடனே எடுக்கக் கூடாதுன்னு கணக்கு. வீடியோவுல ஒரு அக்கா தரையில ஒரு தடத்தைக் காட்டி இது எந்தப் பாம்பு, எப்ப போச்சு, எந்தப் பக்கம் போச்சுன்னு சொல்லி, கடப்பாரையால ஒரு எலி வளையை நோண்டி, அதே பாம்பை வெளிய எடுத்தாங்க. நான் ரெண்டு தடவை ரீப்ளே போடச் சொன்னேன். 2017ல ஃப்ளோரிடாவுல மலைப்பாம்பு பெருகி அங்க ஆளுங்க திணறினப்போ மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு இருளர்களைத்தான் கூப்பிட்டாங்க, 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ.

இது வரைக்கும் பெருமைக் கதை, யாரு வேணா சொல்லுவாங்க. இவங்க அடுத்த ஸ்லைடுலயே நம்ம ஐஐஎஸ்சி விஷ ஆராய்ச்சி லேப் 2019ல போட்ட வேலையைக் காட்டினாங்க. ஒரே வகைப் பாம்பா இருந்தாலும் ஊருக்கு ஊரு விஷம் மாறுது, தமிழ்நாட்டு ஓரத்துல எடுத்த விஷத்தை வச்சு செஞ்ச மருந்து வட இந்தியா, வடகிழக்குல இருக்குற சில பாம்புங்களுக்கு சரியா கேக்க மாட்டேங்குதுன்னு. இப்ப இதை இருளர் அறிவு தோத்துப் போச்சுன்னு எடுத்துக்கறதா? பாம்பு பிடிக்கிறது அவங்க கைத்திறமை, அதுல ஒரு குறையும் இல்ல, இவ்வளவு பெரிய நாட்டுக்கு ஒரு மூலையில இருந்து மட்டும் விஷம் வாங்கினா போதும்னு முடிவு பண்ணது வேற யாரோ. இந்த லேப் வேலைக்கும் பல ஊர்ல பாம்பு தேடிப் பிடிக்கத் தெரிஞ்ச ஆளு வேணும், அந்தந்த ஊர்ல அப்படிப்பட்டவங்க யாருன்னு தேடி இதே மாதிரி சங்கம் வைக்கலாமேங்கிற பேச்சு கிளாஸ்ல ஓடுச்சு, டீ ஆறிப் போற அளவுக்கு.

ஆரோக்கியப்பச்சைங்கிற செடியோட கதைக்காக நான் ரொம்ப ஆசையா காத்துட்டு இருந்தேன், அது காணிக்காரப் பழங்குடி சொல்லித் தெரிஞ்ச செடி, எங்க ஊரு அம்பாசமுத்திரம், பாபநாசம் மேல இருக்குற காணிக்காரங்க எங்களுக்கு அந்நியம் இல்ல. ஆனா இதை அரை மணி நேரத்துல ஓட்டிட்டாங்க, அதுக்குப் பதிலா அமெரிக்காக்காரன் மஞ்சளுக்கு பேட்டன்ட் வாங்கினதும் 1997ல நம்ம அரசு ஆராய்ச்சி அமைப்பு சிஎஸ்ஐஆர் அதை உடைச்சதும் ஒரு மணி நேரம். மஞ்சள் கதை பள்ளிக்கூடப் பசங்களுக்கே தெரியும். காணிக்காரங்க விஷயம்தான் சிக்கலானது, தெரியாதவங்களுக்கு நானே சொல்லிடுறேன். 1987ல அகஸ்தியமலை கேரளப் பக்கம் புஷ்பாங்கதன் தலைமையில விஞ்ஞானிங்க ஏறும்போது இவங்க மூச்சு வாங்கி நிக்க, வழிகாட்ட வந்த காணி ஆளுங்க ஒரு காயைத் தின்னுட்டு தெம்பா நடந்துட்டே இருந்தாங்க. என்னன்னு கேட்டா முதல்ல சொல்லல, வெளி ஆளுக்குச் சொல்லக் கூடாததுன்னு. அப்புறம் வற்புறுத்திக் கேட்டு, செடியைப் பாத்து, கேரளாவுல பாலோடுங்கிற ஊர்ல இருக்குற தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையத்துல வேற மூலிகை சேத்து ஜீவனின்னு மருந்து பண்ணாங்க. 1995 வாக்குல கோயம்புத்தூர் கம்பெனி ஒண்ணுக்கு 10 லட்ச ரூபா லைசென்ஸ் ஃபீஸ், 2 சதவீதம் ராயல்டின்னு குடுத்து, அதுல பாதி காணி மக்களுக்குன்னு ஒதுக்கி, 1997ல அவங்களுக்கு ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சாங்க. அந்தக் காலத்துல உலகத்துலயே இப்படி பங்கு குடுத்தது அபூர்வம், உலகம் முழுக்க இதை உதாரணமா காட்டினாங்க. ஆனா செடியை வளத்து விக்கிறதுல வனத்துறை கூட தகராறு, எந்த ஊரு காணிக்குப் பங்கு எந்த ஊருக்கு இல்லைன்னு உள்ளயும் மனஸ்தாபம். ரகசியத்தைச் சொன்னது ரெண்டு மூணு பேரு, ரகசியம் மொத்த ஜனத்தோடது, அப்ப சரின்னு சொல்ல யாருக்கு உரிமைன்னு ஒரு கேள்வி இருக்குல்ல, இதைப் பேசுறதுக்குத்தான் அரை மணி நேரம் பத்தல.

சட்டம் பத்தியும் மேலோட்டமா போய்ட்டாங்க. 2002 பல்லுயிர்ச் சட்டம், நம்ம சென்னையில ஆபீஸ் இருக்குற தேசிய பல்லுயிர் ஆணையம், செடி மாதிரி உயிர் வளத்துல இருந்து வர லாபத்துல பங்கு குடுக்கணும்னு சொல்ற 2010 நகோயா ஒப்பந்தம், எல்லாம் ஒரே ஸ்லைடு. 2023ல சட்டத்தைத் திருத்தி, ஏட்டுல எழுதி வச்ச பாரம்பரிய அறிவைப் பயன்படுத்தினா பங்கு குடுக்குறதுல விலக்கு குடுத்தாங்களே, அதைப் பத்தி வாயே திறக்கல. கேட்டதுக்கு அது அரசியல் சார், வேணாம்னு ஒருங்கிணைப்பாளர் சொல்லிட்டார். பாரம்பரிய அறிவு மின்னூலகம்னு 2001ல இருந்து அரசு பண்ணி வச்சிருக்குறதும் பெரும்பாலும் ஆயுர்வேதம், சித்தா, யுனானின்னு புத்தகத்துல இருக்குறதுதான், காட்டுக்குள்ள வாய் வழியா இருக்குறது அதுல எங்க வருது? காசு யாருக்குப் போகுதுங்கிறது அரசியல்னா இந்த கோர்ஸ்ல பாதி அரசியல்தானே.

நடுவுல எனக்கும் மச்சினனுக்கும் நெஜமாவே முட்டிக்கிட்டது ஈஸ்வரமூலி விஷயத்துல. விஷக்கடிக்குன்னு நம்ம பக்கம் நல்லா தெரிஞ்ச மூலிகை. அது ஆரிஸ்டோலோக்கியா வகை, அதுல இருக்குற அமிலம் கிட்னியைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில புத்துநோய் வர வைக்கும், புத்துநோய்க் காரணிகள் பட்டியல்ல உறுதியானதுங்கிற முதல் குரூப்லயே இருக்கு. 1990கள் ஆரம்பத்துல பெல்ஜியத்துல உடம்பு இளைக்கிற மாத்திரையில ஒரு சீன மூலிகைக்குப் பதிலா இந்த வகைச் செடி கலந்து போய், சாப்பிட்ட பொம்பளைங்க பல பேருக்கு கிட்னி போச்சு, அப்பத்தான் உலகம் முழிச்சுது. "எங்க பாட்டன் முப்பாட்டன் காலத்துல இருந்து குடுத்துட்டு வராங்க, ஒருத்தரும் சாகலையே அத்தான்"ன்னான். டீச்சர் குறுக்க வந்து ஒண்ணு சொன்னாங்க, மருந்து சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல வாந்தி வந்தா எந்த வைத்தியரும் கண்டுபிடிச்சு நிறுத்திடுவார், பத்து வருஷம் கழிச்சு புத்துநோய் வந்தா அதையும் இதையும் எப்படி முடிச்சுப் போடுவார், அது வைத்தியரோட குத்தம் இல்ல, ஒரு ஆளால பாக்க முடியாத தூரம் அது, அதுக்கு பெரிய கணக்கேடு வேணும். அதே நேரத்துல ஒரு காட்டுல நாப்பது வருஷமா ஒரு செடி எப்படிப் பரவுதுங்கிறது மூணு வருஷ பிஎச்டிக்காரனால பாக்க முடியாது, அங்கேயே இருக்குறவங்களாலதான் முடியும். மச்சினன் முகம் சுருங்கிடுச்சு, ஆனா அன்னைக்கு ராத்திரி அவனே உக்காந்து அந்தப் பேப்பர் எல்லாம் தேடிப் படிச்சிட்டு இருந்தான்.

இப்ப திட்டு. கோர்ஸ் நோட்டீஸ்லயே பெருசா போட்டிருந்தது பிலிகிரிரங்கன் மலையில இருந்து ஒரு சோளகர் பெரியவர் வந்து பேசுவார்னுதான். நம்ம சத்தியமங்கலம், பர்கூர் மலையில இருக்காங்களே அதே சோளகர். பல பேரு அதுக்காகவே வந்திருந்தாங்க. அவருக்குக் குடுத்த நேரம் கடைசி நாள் கடைசி அரை மணி, அதுலயும் முன்னாடி பேசினவர் இழுத்ததுல பாதி போச்சு. மனுஷன் விடியக்காலை பஸ் பிடிச்சு சாம்ராஜநகர்ல இருந்து வந்து, காலையில இருந்து ஓரமா ஒரு பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்தார்.

பேசுறதுக்கு முன்னாடி பையில இருந்து ஒரு உண்ணிச்செடி (லன்டானா) குச்சியை எடுத்து மேசையில வச்சார். அப்புறம் குனிஞ்சு தன் கணுக்காலைத் தொட்டுக் காட்டினார், அந்தக் காலத்துல நாங்க வைக்கிற நெருப்பு இவ்வளவுதான் வரும்னு. தரகு பெங்கின்னு சொல்றாங்க, சருகு நெருப்பு, கோடை முத்துறதுக்கு முன்னாடி தரையில கிடக்குற சருகை மட்டும் மெல்ல எரிச்சு விடுறது. 1974ல சரணாலயம் வந்துச்சு, நெருப்பு வைக்கக் கூடாதுன்னாங்க, ஜனங்களையும் காட்டுக்குள்ள இருந்து வெளிய தள்ளினாங்க. உண்ணிச்செடி அதுக்கப்புறம் காடு முழுக்க ஏறிடுச்சு, புல்லு போச்சு, நெல்லி மரத்துல புல்லுருவி பெருத்துப் போச்சு, இப்ப நெருப்பு பிடிச்சா இதுன்னு கையைத் தலைக்கு மேல தூக்கினார். அவர் கன்னடத்துல நாலு நிமிஷம் பேசினதை பக்கத்துல நின்ன வாலன்டியர் பையன் இங்கிலீஷ்ல, முன்னாடி காடு நல்லா இருந்துச்சுன்னு சொல்றார்னு முடிச்சான். எனக்குக் கன்னடம் ஓரளவு வரும், வயிறு எரிஞ்சுது.

இத்தனைக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம். இதே பெங்களூருல இருக்குற ஏட்ரீங்கிற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனத்து ஆய்வாளர்கள் 2005ல ஒரு கருதுகோள் எழுதினாங்க, நெருப்பும் உண்ணிச்செடியும் ஒண்ணை ஒண்ணு வளத்து விடுது, எரிஞ்ச இடத்துல அது முளைக்குது, முளைச்சதே அடுத்த நெருப்புக்கு விறகாகுதுன்னு. சோளகர் சொல்றது நேர் எதிர், நெருப்பை நிறுத்தினதாலதான் வந்துச்சுன்னு. அந்தக் காட்டுல 1997லயும் 2008லயும் எடுத்த கணக்குல உண்ணிச்செடி இருக்குற இடங்க கிட்டத்தட்ட ரெட்டிப்பாயிருக்கு, நெருப்புத் தடை இருந்த காலத்துலதான். 2012ல சோளகர்கள் என்ன சொல்றாங்கன்னு அவங்ககிட்டயே கேட்டு அதையும் ஆய்வா எழுதினாங்க. எந்த மாசத்து நெருப்பு, எவ்வளவு உயரத்து நெருப்பு, செடி சின்னதா இருக்கும்போதா பெருசானப்புறமாங்கிறதைப் பொறுத்து ரெண்டு பேரு சொல்றதும் உண்மையா இருக்க வாய்ப்பு இருக்கு, இதைத்தானே சார் உக்காந்து பேசணும்? 2011ல அந்தச் சோளகர் கிராம சபைகளுக்கு புலிகள் காப்பகத்துக்குள்ளயே சமூக வன உரிமை கிடைச்சுது, நாட்டுலயே முதல் தடவைன்னு பேப்பர்ல எல்லாம் வந்துச்சு, உரிமை கிடைச்சப்புறம் நெருப்பு விஷயத்துல அவங்க பேச்சு எடுபடுதான்னு கேக்கலாம்னு எழுதி வச்சிருந்தேன். கேள்வி நேரமே கிடையாது, நேரா குரூப் போட்டோ.

போட்டோ முடிஞ்சு படியிறங்கும்போது நான் அவர்கிட்ட போய், அஜ்ஜா, ஆராய்ச்சின்னு வரவங்க உங்ககிட்ட முதல்ல என்ன கேப்பாங்கன்னு கேட்டேன். செடி பேரு கேப்பாங்க, எழுதிக்குவாங்க, அந்தச் செடி ஏன் இங்க இல்லாம அங்க இருக்குன்னு கேக்க மாட்டாங்கன்னார். இந்த ஒரு பதிலை மேடையில சொல்ல விட்டிருந்தா அந்த ஆரம்ப வட்டம் அம்புக்குறி ஸ்லைடு எல்லாம் தேவையே இல்ல. கோர்ஸ் கையேட்டுல பின் அட்டையில டீச்சருங்க பேரு, டிசைன் பண்ணவர் பேரு, சாப்பாடு குடுத்தவர் பேரு எல்லாம் இருக்கு, இவரை மட்டும் உள்ளூர் சமூகத்துக்கு நன்றின்னு முடிச்சிட்டாங்க. டீச்சருங்களுக்குக் குடுத்த அதே சம்பளம் அவருக்கும் குடுத்தீங்களான்னு கேட்டதுக்கு, பயணச் செலவும் சால்வையும் குடுத்தோம் சார்னு பதில். ரெண்டு மார்க் ஏன்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

வெளிய ஒரு ஸ்டால் வேற. மூட்டுவலி எண்ணெய், முடி எண்ணெய், காட்டுத் தேன், பாட்டில்ல பழங்குடி ஞானம், ஆய்வில் நிரூபணம்னு லேபிள். எந்த ஆய்வுன்னு கேட்டா கவுண்டர் பொண்ணு கூகுள்ல இருக்கும் சார்ங்குது, எந்தப் பழங்குடின்னு கேட்டா அதுவும் தெரியல. உள்ள ரெண்டு நாளா நம்பர் போட்ட பாட்டில்ல தண்ணி ஊத்தி கண்ட்ரோல் பத்திப் படிச்சிட்டு வெளிய வந்தா இது. அவங்க ஸ்டால் இல்ல, வாடகைக்கு விட்டதுன்னாங்க. இருந்தாலும் தேன் மட்டும் வாங்கினேன், நல்லாத்தான் இருந்துச்சு, அதை ஒத்துக்கணும்.

சாப்பாடு பத்தி, ராகி முத்தை, பஸ்ஸாரு, கோசம்பரி, மோர், இலை போட்டு, கேக்கக் கேக்க ஊத்துனாங்க. முத்தையை மெல்லாம முழுங்கணும்னு பக்கத்து டேபிள் ஆன்ட்டி எங்களுக்கு கிளாஸ் எடுத்தாங்க. காபி சுமார். ஹால்ல ஃபேன் சத்தத்துல பின்னாடி வரிசைக்கு எதுவும் கேக்காது, முன்னாடி உக்காருங்க. மாடிப்படி செங்குத்து, முட்டி வலி இருக்குறவங்க யோசிச்சுப் போங்க, லிஃப்ட் கிடையாது. பைக் நிறுத்தவும் இடம் இல்ல, பச்சை லைன் மெட்ரோல ஜெயநகர் ஸ்டேஷன்ல இறங்கி நடந்துடலாம்.

யாருக்கு செட் ஆகும்னா, லேப்லயோ காலேஜ்லயோ ஆராய்ச்சி பண்றவங்க, சித்தா ஆயுர்வேதா படிக்கிற பசங்க, பிளஸ் டூ பயாலஜி எடுக்குற டீச்சருங்க தாராளமா போகலாம். வாட்ஸ்அப்ல வர எல்லாத்தையும் முன்னோர் அன்னைக்கே சொன்னாங்கன்னு ஃபார்வர்ட் பண்ற சித்தப்பாவைக் கூட்டிட்டுப் போனா செம்புல சந்தோஷப்படுவார், ஈஸ்வரமூலியில கோச்சுக்குவார். ஆன்லைன் பேட்ச்சும் இருக்காம், ஆனா சொம்பும் பாட்டிலும் கையில இல்லாம ஸ்கிரீன்ல பாக்குறதுக்கு அந்தக் காசு தண்டம்.

சோளகர் பெரியவர் விஷயத்தை நீளமா மெயில் போட்டேன். ஒரு வாரம் கழிச்சு பதில் வந்துச்சு, அடுத்த பேட்ச்ல அவருக்கு ஞாயித்துக்கிழமை காலை முழுக்க ஒதுக்குறோம், மொழிபெயர்க்க காட்டு வேலை தெரிஞ்ச ஆளைப் போடுறோம், கையேட்டுல பேரு போடலாமான்னு அவர்கிட்டயே கேட்டிருக்கோம்னு. சம்பளம் பத்தி அதுல ஒரு வரியும் இல்ல, மறுபடி கேட்டிருக்கேன். அடுத்த பேட்ச் போறவங்க யாராவது அவரை எந்த நேரத்துல பேச விட்டாங்கன்னு கீழ போடுங்க, காலையிலன்னா நானே வந்து நாலாக்கிடுறேன்.